மண்ணுக்குள் மறைந்த மக்கள் வாழ்வு



வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை ஏட்டிலும் கல்வெட்டிலும் எழுதப்பட்டவை. ஆனால், மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னரும் பல்லாயிரம் ஆண்டுகள் அவன் இவ்வுலகில் வாழ்ந்தான், உழைத்தான், உண்டான், பிள்ளைகளை வளர்த்தான், இறந்தோரைப் புதைத்துவிட்டு அழுதான். அந்த நெடுங்காலத்தை எழுதி வைக்க எவரும் இல்லை. எனினும் அவ்வரலாறு முற்றும் அழிந்துவிடவில்லை. மண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றது. அதனைத் தோண்டியெடுத்துப் படித்தறியும் கல்வியே தொல்லியல் எனப்படும்.

நாம் வாழும் மலேசிய மண்ணே இக்கல்விக்குச் சிறந்த பாடநூலாகும். காட்டில் உணவு தேடி வாழ்ந்தோர், பின்னர்ப் பயிரிட்டு வாழ்ந்தோர் ஆகிய இருசாராரின் சுவடுகளும் இங்குக் கிடைத்துள்ளன. அவர்கள் எத்தகையோர்? அறிவற்ற காட்டுமிராண்டிகளா? அல்லது நம்மைப் போன்று அறிவும் அன்பும் உடையவர்களா? மண் என்ன சான்று கூறுகின்றது என்பதைப் பார்ப்போம்.

ஏடின்றி வரலாறு அறிவது எப்படி?

தோட்டத்தில் கான் வெட்டும்போது நிலத்தின் பக்கவாட்டைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். மேலே இலை மக்கிய கறுப்பு மண். அதன் கீழே செம்மண். அதற்கும் கீழே சரளைக் கல். இவ்வாறு மண் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். கலைக்கப்படாத நிலத்தில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது. ஆகவே, ஒரு பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே அதன் வயதை அறிவதற்கான முதற்படி.

அடுத்த படி கரிமக் கணக்கு. உயிருள்ள மரமும் விலங்கும் கதிரியக்கக் கரிமம் என்னும் பொருளைச் சிறிதளவு தம் உடலில் கொண்டிருக்கின்றன. உயிர் நீங்கியபின் அது சிறிது சிறிதாகக் குறைகின்றது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடுகின்றது. எஞ்சியிருப்பதை அளந்தால் அவ்வுயிர் நீங்கிய காலம் தெரியவரும். இம்முறையைக் கண்ட அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிப்பி 1960ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார். இதனால், அடுப்பில் எஞ்சிய ஒரு கரித்துண்டும் அறிஞர்களுக்குப் பொன்னினும் அரியதாயிற்று.

காடே களஞ்சியம்

சரவாக் மாநிலத்தில் நியா என்னும் பெருங்குகை உள்ளது. அங்கு டாம் ஹாரிசன், பார்பரா ஹாரிசன் ஆகியோர் நடத்திய அகழாய்வில் 1958ஆம் ஆண்டில் ஒரு மனித மண்டையோடு கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 40,000 ஆண்டுகள். நியா குகைத் தொகுதி 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

2000ஆம் ஆண்டு முதல் அங்கு மீண்டும் ஆய்வு நடந்தது. இம்முறை அறிஞர்கள் எலும்பையும் கல்லையும் மட்டும் தேடவில்லை. கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் துகள்களையும் கிழங்குகளின் மாவுத் துகள்களையும் நுண்ணோக்கியின் வழி ஆராய்ந்தனர். அப்போது வியப்பான செய்தி வெளிப்பட்டது. அக்கால மக்கள் உண்ட உணவுகளுள் 'காடோங்' என்னும் காட்டு வள்ளிக்கிழங்கும் 'கெப்பாயாங்' என்னும் காட்டுக் கொட்டையும் இருந்தன. இவ்விரண்டும் நஞ்சுடையவை. பறித்தவுடன் உண்டால் உயிருக்கே இடர் நேரும். கிழங்கைச் சீவி நெடுநேரம் நீரில் ஊறவைக்க வேண்டும். கொட்டையை வேகவைத்துச் சாம்பலுடன் மண்ணில் புதைத்து வைக்க வேண்டும். அதன் பின்னரே நஞ்சு நீங்கும். சாம்பலும் கொட்டை ஓடுகளும் கலந்த குழிகள் நியா குகையில் காணப்பட்டன.

இதன் பொருள் என்ன? எந்தக் கிழங்கில் நஞ்சு உண்டு, அதனை நீக்குவது எங்ஙனம், எத்தனை நாள் காத்திருப்பது என்பதையெல்லாம் அம்மக்கள் அறிந்திருந்தனர். பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை. தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் கூறிய சொல்லே கல்வியாக இருந்தது. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறியிருந்தால் அடுத்த தலைமுறை பட்டினி கிடந்திருக்கும். இத்தகையோரை அறிவற்றவர் என்று எவ்வாறு கூறுவது?

பேராக் மனிதன் கூறும் பாடம்

பேராக் மாநிலத்தில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்கு 2012ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள கோத்தா தம்பான் என்னுமிடத்தில் பழங்காலக் கற்கருவிப் பட்டறையொன்று வெளிப்பட்டது. அடைகல், சம்மட்டிக் கல், முற்றுப்பெற்ற கருவி, உடைந்த சில்லு ஆகியவை ஒன்றாகக் கிடந்தன. சுமத்திராவில் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்தபோது வீழ்ந்த சாம்பலும் அவ்விடத்தில் காணப்படுகின்றது.

அதே பள்ளத்தாக்கில், குனோங் ருந்தோ குகையில், பேராசிரியர் ஸுரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முழுமையான எலும்புக்கூடு ஒன்றைக் கண்டெடுத்தனர். அதுவே 'பேராக் மனிதன்'. அவன் வாழ்ந்தது 10,000 ஆண்டுகளுக்கும் முன்னர். அக்காலத்தில் இந்நாட்டில் உழவும் இல்லை, மட்பாண்டமும் இல்லை.

பேராக் மனிதனின் எலும்புகளை ஆராய்ந்தபோது, அவன் பிறவியிலேயே உடற்குறை உடையவன் என்பது தெரியவந்தது. இடக்கை விரல்கள் குறுகியிருந்தன, முதுகெலும்பு வளைந்திருந்தது. ஆயினும் அவன் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கின்றான். அவன் இறந்தபின் உறவினர் அவனைக் காட்டில் எறிந்துவிடவில்லை. கருவில் கிடக்கும் குழந்தையைப் போலக் கால்களை மடக்கி, கற்கருவிகளையும் ஆற்று நத்தைகளையும் இறைச்சியையும் உடன் வைத்து மரியாதையுடன் புதைத்தனர்.

பெற்றோர்களே! இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்றாடம் காட்டில் அலைந்தால்தான் உணவு என்ற நிலையில் வாழ்ந்த மக்கள், குறையுடன் பிறந்த பிள்ளையைச் சுமையென்று கருதிக் கைவிடவில்லை. தமக்குக் கிடைத்ததை அவனுடன் பகிர்ந்துகொண்டனர். அவனும் தன்னால் இயன்ற பணியைச் செய்திருப்பான். நாகரிகம் என்பது மாளிகையிலோ இயந்திரத்திலோ இல்லை. எளியோரைத் தாங்கும் உள்ளத்தில் இருக்கின்றது என்பதற்கு அந்தக் குகைக் கல்லறையைவிட வேறு சான்று வேண்டுமோ?

சிப்பி மேட்டில் ஒரு பெண்

கடற்கரை மக்களின் வாழ்வு வேறு வகையானது. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியில் குவார் கெப்பா என்னும் ஊர் உள்ளது. 'கெப்பா' என்பது ஒருவகைச் சிப்பியின் மலாய்ப் பெயர். ஊர்ப் பெயரே வரலாறு கூறுகின்றது. அக்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் காலப்போக்கில் குவிந்து மேடுகளாயின. அம்மேடுகளிலேயே தம் இறந்தோரையும் அவர்கள் புதைத்தனர். பிற்காலத்தில் சுண்ணாம்பு சுடுவதற்காகச் சிப்பிகள் அள்ளப்பட்டதால் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய இடத்தில் 2017ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' எனப்படும் அவள் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். ஒருவர் எறிந்த குப்பை மற்றொருவருக்கு வரலாற்று ஏடாகின்றது!

மூன்று கால் பானை

இனி, பயிர்த்தொழில் தோன்றிய கதைக்கு வருவோம். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீபகற்பத்தில் புதிய பொருள்கள் தோன்றுகின்றன. தேய்த்து மெருகேற்றப்பட்ட கற்கோடரிகளும் மட்பாண்டங்களும் கல் வளையல்களும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. இக்கோடரிகளை மலாய் மக்கள் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல் என்று அழைத்தனர். இடி இறங்கும்போது வானிலிருந்து விழுந்த கல் என்பது அவர்தம் நம்பிக்கை. உண்மையில் அது மரம் வெட்டவும் காடு திருத்தவும் மனிதக் கை செய்த கருவியாகும்.

சிலாங்கூரில் ஜெண்டராம் ஹீலிர் என்னுமிடத்தில் ஈயம் தோண்டியபோது பழைய பானைக் கால்கள் பல வெளிவந்தன. மூன்று கால்களை உடைய பானைகளின் கால்கள் அவை. கெடா முதல் சிலாங்கூர் வரை பல இடங்களில் இத்தகைய பானைகள் கிடைத்துள்ளன. இங்கிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள பான் காவ் என்னும் ஊரிலும் அதே வகைப் பானைகள் கிடைத்தன. பானை செய்யும் கலையும் பயிர்த்தொழிலும் வடக்கிலிருந்து மக்களோடு மக்களாக நடந்து வந்தன என்பதை இவை காட்டுகின்றன.

பான் காவ் என்னும் பெயர் நம்மவர் நெஞ்சில் பதிய வேண்டிய பெயர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படையினர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை அவ்வழியே சென்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் அப்பாதையில் உழைத்து மடிந்தனர். அதே பாதையில் போர்க்கைதியாக உழைத்தவர் வான் ஹேக்கரன் என்னும் டச்சுத் தொல்லியலறிஞர். பசியும் நோயும் வாட்டிய அந்நிலையிலும், தோண்டிய மண்ணில் கிடந்த கற்கருவிகளை அவர் கண்டறிந்து பாதுகாத்தார். அதன் பயனாகவே 1960ஆம் ஆண்டு முதல் தாய்லாந்து, டென்மார்க் அறிஞர்கள் அங்குக் கூட்டு ஆய்வு நடத்தினர். பான் காவ் கல்லறைகளும் மூன்று கால் பானைகளும் உலகறியலாயின. துன்பத்தின் நடுவிலும் அறிவின் விளக்கு அணையவில்லை.

வேளாண்மை வந்தபின்

வேளாண்மை ஒரே நாளில் வந்துவிடவில்லை. வந்தபின் காட்டு வாழ்வு மறைந்துவிடவும் இல்லை. சரவாக்கின் சிரே குகையில் கிடைத்த பானையோட்டில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்லின் எச்சம் ஒட்டியிருந்தது. நெல் அங்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனால், எல்லாரும் நெல்லையே உண்டனர் என்பதற்கு அது சான்றாகாது. கிழங்கும் சவ்வரிசியும் மீனும் வேட்டையும் நெடுங்காலம் உடன் இருந்தன.

வேளாண்மையால் தானியம் சேமிக்கப்பட்டது, ஊர்கள் பெருகின. அதே வேளையில் உழைப்பும் மிகுந்தது. காடு வெட்டவும் களை பறிக்கவும் பறவை ஓட்டவும் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. மாவுணவு மிகுந்ததால் பற்சொத்தை பெருகியதைப் பல நாடுகளின் பழைய எலும்புகள் காட்டுகின்றன. ஆகவே, வேட்டையாடியோர் தாழ்ந்தோர், வேளாளர் உயர்ந்தோர் என்று தரம் பிரிப்பது தவறு. ஒவ்வொரு வாழ்வுக்கும் அதற்குரிய அறிவும் அதற்குரிய இன்னலும் உண்டு.

கிளந்தானின் நெங்கிரி ஆற்றங்கரையில் உள்ள சா குகை இதனை நன்கு விளக்குகின்றது. 1954ஆம் ஆண்டிலும் பின்னர் 1979ஆம் ஆண்டிலும் அங்கு அகழாய்வு நடந்தது. கீழடுக்கில் காட்டுப்பன்றி வேட்டையாடியோரின் கற்கருவிகள். மேலடுக்கில் அழகிய பானைகளும் வளையல்களும் வைக்கப்பட்ட கல்லறைகள். லாவோஸ், மலேசியா முதலிய நாடுகளின் பழைய எலும்புகளில் எஞ்சிய மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள் 2018ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். பழைய காட்டு மக்களும் புதிதாக வந்த வேளாண் மக்களும் கலந்தே தென்கிழக்காசிய மக்கள் உருவாயினர் என்பது அம்முடிவு. அப்பழைய மக்களின் வழிவந்தோர் நம் நாட்டுப் பூர்வக்குடியினரிடையே இன்றும் வாழ்கின்றனர். அவர்களை இழிபெயரிட்டு அழைப்போர் சிலர் உண்டு. அது அவர்களின் குறையன்று, அழைப்போரின் அறியாமையே.

நம் கடமை

தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ மண் தோண்டும்போது விந்தையான கல்லோ பானையோடோ எலும்போ தென்பட்டால் அதனை உடைக்காதீர்; கழுவாதீர்; எடுத்துச் செல்லாதீர். இடத்தை அடையாளமிட்டு ஆசிரியரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ அறிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் இத்தகைய கண்டெடுப்பை அறிவிக்குமாறு பணிக்கின்றது. மண்ணடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்த பொருள், ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த ஒரு சொல்லைப் போன்றது. அதன் பொருளை யாரும் அறிய இயலாது.

இன்னொன்றும் உண்டு. பேராக் மனிதனைப் புதைத்தோரின் பெயர் நமக்குத் தெரியாது. மூன்று கால் பானையை வனைந்த கையும் யாருடையதென்று தெரியாது. ஆயினும் அவர்கள் செய்த தொழிலும் காட்டிய அன்பும் நிலைத்து நிற்கின்றன. காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களும் நூல்களில் மிகுதியாக இல்லை. அவர்களுடைய வரலாற்றை அறிய ஆயிரம் ஆண்டு காத்திருந்து மண்ணைத் தோண்ட வேண்டுவதில்லை. மாணவ மணிகளே, இன்று மாலையே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள்.

சிந்தித்து விடை கூறுக

1. மண்ணடுக்குகள் ஒரு பொருளின் வயதை அறிய எவ்வாறு உதவுகின்றன?
2. நியா குகை மக்கள் நஞ்சுடைய உணவை எவ்வாறு உண்ணத்தக்கதாக்கினர்?
3. பேராக் மனிதனின் கல்லறையிலிருந்து அக்கால மக்களின் பண்பைப் பற்றி நாம் அறிவது யாது?
4. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் செய்த தொழிலைப் பற்றிக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.