நகலில் ஒரு சீல்

அன்புள்ள மக்களே,

காலேஜில் இடம் கிடைத்ததாக அக்கா போனில் சொன்னாள். வரலாறு எடுத்தது நல்லது. சின்ன வயதில் உதயகிரிக் கோட்டைக்குப் போனபோது, தளபதி டிலனாய் கல்லறையில் இருந்த தமிழ் எழுத்தைக் கல்லோடு முகம் ஒட்டி, விரலால் தடவித் தடவி வாசித்தவள் நீ.

உதவித்தொகைக்கு எழுதிப்போட அத்தானுக்கு மனசில்லை என்றும் அக்கா சொன்னாள். "நம்ம நெலம அவ்வளவு மோசமில்ல" என்கிறாராம். நாஞ்சில் நாட்டு வீடுகளின் பழைய வியாதி இது. வயலை விற்றாவது ஃபீஸ் கட்டுவோம், ஆபீஸ் வாசலில் போய் நிற்க மாட்டோம். மானிய விலையில் உரம் வாங்கும்போது அத்தான் தலை குனிந்தா நிற்கிறார்? அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ ஒன்றைத் தெரிந்துகொள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் நூற்றுக்கு 5 இடமாவது ஒதுக்கியாக வேண்டும். சட்டம் தருவதை வாங்குவதில் என்ன கூச்சம்?

இனி என் கதை. கல்லூரி ஆபீசில் நான் கிளார்க்காக இருந்த காலத்தில் ஒரு பையன் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வந்து, எழுத ஆள் வேண்டும் என்றான். உன்னைப் போலவே பார்வை குறைவு. "லிஸ்ட் போயாச்சு தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அவனே எழுதினான், மூன்று பேப்பர் போயிற்று. அடுத்த வருஷம் அவன் வரவில்லை. விதியைத்தானே சொன்னேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். சேர்ந்த அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டியவன் நான்தான்.

அதனால்தான் சொல்கிறேன், பணத்துக்கு முன்னால் தேர்வுக்கு மனு கொடு. முதல் வாரத்திலேயே முதல்வர் பேருக்கு எழுது. பெரிய எழுத்தில் வினாத்தாள் வேண்டுமா, சொல்வதை எழுதுபவர் வேண்டுமா, வகுப்பில் முன் பெஞ்சு வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கட்டும். கூடுதல் நேரம் கேட்க மறக்காதே. மத்திய அரசின் வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்று இருக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். சதவீதம் போதாது என்று யாராவது தட்டிக்கழித்தால் விகாஷ் குமார் வழக்கைச் சொல்லு. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு அவருக்கு. எழுத ஆள் தர யு.பி.எஸ்.சி. மறுத்தது. அதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மனுவுக்கு நகல் எடுத்து, அதில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கு. வாயால் சொன்னது ஆபீசில் நிற்காது, கேட்டியா. கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன்.

பணத்துக்கு இரண்டு வாசல். ஒன்று, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மாநில அரசின் கல்வி உதவித்தொகைக்கு அங்கேதான் மனு. வாசிப்பாளர் உதவித்தொகை என்றும் ஒன்று உண்டு, உனக்குக் கிடைக்குமா என்று அங்கேயே கேள். மற்றது, தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக வரும் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவி. வீட்டு வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. தாசில்தார் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் போதும். 'சக்ஷம்' என்று வருஷத்துக்கு 50,000 ரூபாய் தருவது தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும். பி.ஏ.வுக்கு இல்லை, அதற்காக அலையாதே.

மனுக்கள் கவிழ்வது பெரும்பாலும் அற்பக் காரணத்தால்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பேர் முழுதாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். ஆதாரையும் மார்க் ஷீட்டையும் இப்போதே ஒப்பிட்டுப் பார். பாங்கில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்ததோடு வேலை முடியாது. அரசுப் பணம் வர, அந்தக் கணக்கோடுதான் ஆதார் இணைந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்குக்குப் பணம் போய்விடும். வருஷாவருஷம் புதுப்பிக்கவும் வேண்டும், முதல் வருஷம் வந்தது இரண்டாம் வருஷம் தானாக வராது.

புத்தகத்தை ஸ்கேன் செய்து தரச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்கத் தயங்காதே. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக வேறு வடிவில் நகல் எடுப்பது குற்றமில்லை என்று 2012-இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இதற்கென்றே மராகேஷில் 2013-இல் போட்ட உலக ஒப்பந்தத்தை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை உனக்கு இன்னும் வரவில்லை என்று அக்கா சொன்னாள். அதற்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். என்றைக்கு என்று சொல்லு, பூதப்பாண்டி பஸ் வரும் நேரத்துக்கு அண்ணா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். போட்டோ ஆறு எடுத்து வை.

அன்புடன்,
மாமா