முழங்கால் தயார், கீப்பர் தயாரா?

அறுவைசிகிச்சை முடிந்தது, மாதக்கணக்கில் பயிற்சியும் முடிந்தது, ‘இனி ஆடலாம்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேடைக் கட்டிக்கொண்டு ஹாக்கி கோலுக்குள் போய் நின்றால், கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. ‘மனசைத் திடப்படுத்திக்கோப்பா’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்த அறிவுரை இதுவரை ஒரு பந்தையும் தடுத்ததில்லை.

முதலில், பயம் எதன்மேல் என்று பாருங்கள். கால் மறுபடி போய்விடுமோ என்பதா? பந்து மேலே விழுமே என்பதா? இல்லை, நீங்கள் இல்லாத நேரத்தில் வேறொரு பையன் உங்கள் இடத்தைப் பிடித்துவிட்டானே என்பதா? மூன்றையும் ‘நம்பிக்கை போயிடுச்சு’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கால்மேல்தான் பயம் என்றால் எண்களைக் கேளுங்கள். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் அறுவைசிகிச்சைக்குப் பிறகு 9 மாதம் ஆவதற்குள் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுகாயத்தின் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலண்டரை மட்டும் நம்பியும் பயனில்லை. அடிபட்ட காலின் வலிமையும் ஒற்றைக்கால் தாவலும் மற்ற காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பிசியோக்கள் பொதுவாக வைக்கும் அளவு. அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க ஒன்று கையில் இருக்கும். மனத்தை அளக்கவும் ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. என்று ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது, மொத்தம் 12 கேள்விகள். அவ்வப்போது நிரப்பிப் பாருங்கள். மதிப்பெண் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் பிசியோவிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் விளையாட்டு உளவியல் நிபுணரையும் பாருங்கள்.

தலையில் பட்ட அடிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது என்று ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லும்வரை பேடைத் தொடாதீர்கள்.

பந்து பயம் வேறு ரகம். கீப்பர் அதை வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார், உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். கோலுக்குப் பின்னால் ஒரு செல்போனை நிறுத்தி, ஒரு பயிற்சி முழுக்கப் படமெடுங்கள். அடிபட்ட பக்கம் வரும் தரைப்பந்துக்குக் காலை நீட்டாமல் மட்டையை மட்டும் நீட்டுகிறீர்களா? நிற்கும்போதே எடையெல்லாம் நல்ல காலில் இருக்கிறதா? முன்பு வெளியே வந்து கோணத்தை அடைத்தவர் இப்போது கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? பந்து வருகிற கணத்தில் முகம் லேசாகத் திரும்புகிறதா? இவற்றில் எது கண்ணில் படுகிறதோ, அந்த வாரம் அதுதான் வேலை.

திரும்பி வந்த முதல் நாளே பெனால்டி கார்னர் அடிக்க ஆட்களை வரிசையில் நிறுத்தும் பயிற்சியாளர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் கெடுதல். காக்க வேண்டிய கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். நல்ல டிராக் ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டத்தின் விளிம்பிலிருந்து அது கோலுக்கு வர அரை நொடிதான். அதில் யோசிக்க நேரமே கிடையாது, உடம்பு பழக்கத்தில் போனால்தான் உண்டு. அறுந்திருப்பதும் அந்தப் பழக்கம்தான். ஆகவே டென்னிஸ் பந்தைக் கையால் எறியச் சொல்லி ஆரம்பியுங்கள், அதுவும் அடிபட்ட பக்கமாக. பிறகு ஹாக்கி பந்து, மெதுவான புஷ், எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. அதற்குப் பிறகு சொல்லாமல். அப்புறம் ஹிட். அப்புறம் டிராக் ஃப்ளிக், முன்னால் ஆள் யாரும் இல்லாமல். ரீபவுண்டுக்குப் பாய்ந்து வரும் ஃபார்வர்டுகளோடு அதற்கும் பிறகு. எதிராளியின் காலடியில் விழுந்து பந்தை அமுக்குவது கடைசி, ஏனென்றால் அந்த மோதலில் முழங்கால் மறுபடி போகலாம்.

ஒரு கட்டத்தில் முகம் திரும்பாமல், கால் தயங்காமல் ஆனால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். எத்தனை கோல் விழுந்தது என்று எண்ணாதீர்கள். மேல்மூலைக்குப் போகும் ஃப்ளிக் உலகத்தின் சிறந்த கீப்பரையும் தாண்டும். உங்கள் கால் சரியான நேரத்தில் கிளம்பியதா என்பதை எண்ணுங்கள்.

மூன்றாவது பயத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஃபார்வர்டுகள் பல பேர் மாறி மாறி ஆடலாம், கோலில் ஒருவருக்குத்தான் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியா அறிவித்த 16 பேரில் கீப்பர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ் மட்டும்தான், கிருஷன் பாதக் மாற்று வீரராகத்தான் போனார். அந்த ஸ்ரீஜேஷுக்கே 2017-ல் அஸ்லான் ஷா கோப்பையின்போது முழங்கால் போனது. அந்த ஆண்டின் மீதி முழுக்க வெளியே. அவர் இல்லாமலே இந்தியா டாக்காவில் ஆசியக் கோப்பையை வென்றது, கோலில் ஆகாஷ் சிக்தேயும் சூரஜ் கர்கேராவும் நின்றார்கள். கேப்டன் பொறுப்பும் மன்பிரீத் சிங்கிடம் போயிருந்தது. எந்தக் கீப்பருக்கும் வயிற்றைக் கலக்கும் செய்தி இது. 2018 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த நான்கு நாட்டுத் தொடரில் அவர் மறுபடி கோலில் நின்றார். அதே ஆண்டு பிரெடாவில், சாம்பியன்ஸ் டிராபியில், அவர் தலைமையில் அணிக்கு வெள்ளி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கடைசி நேர பெனால்டி கார்னரைத் தடுத்துவிட்டு கோல் கம்பத்தின்மேல் ஏறி உட்கார்ந்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கென்னவோ நியூசிலாந்துத் தொடர்தான் பெரிதாகப் படுகிறது. உலகக் கோப்பையோ ஒலிம்பிக்கோ அல்ல, தோற்றாலும் தலை போகாத தொடர். திரும்பி வர ஏற்ற இடம் அது.

உங்கள் ‘நியூசிலாந்து’ ஒரு மாவட்ட லீக் ஆட்டமாக இருக்கலாம். ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கீப்பருக்கும் அந்த வசதி உண்டு. 15 நிமிடக் குவார்ட்டர்கள் நான்கில் இரண்டை நீங்களும் இரண்டை அந்தப் பையனும் பிரித்துக்கொள்ளலாம். புரோ லீக்கில் இந்திய அணியே ஸ்ரீஜேஷையும் பாதக்கையும் இப்படி மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கிறது. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதுதான் மண்டைக்குள் பேச்சு தொடங்கும். அந்த நேரத்தில் வாய்க்கு வேலை கொடுங்கள். தடுப்பாட்டக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கத்துங்கள். கத்துவதற்கு முழங்கால் தேவையில்லை. கோல் விழுந்தால், விழத்தான் செய்யும், இரண்டு கம்பத்தையும் மட்டையால் தட்டிவிட்டுப் பழைய இடத்துக்கு வாருங்கள். அலசல் ஆட்டம் முடிந்த பிறகு, வீடியோவைப் பார்த்து.

ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அணிகளுக்கு ஆடுகிறவர்களுக்கு ஆட்டமும் வேலையும் ஒரே இடம். அங்கே ஒரு சங்கடம் வரும்: ‘அதான் ஆபீஸுக்கு வர்றீங்களே, கிரவுண்டுக்கு ஏன் வரலை?’ இதற்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பணிக்குத் தகுதி, ஆட்டத்துக்குத் தகுதி என்று டாக்டரிடம் தனித்தனிச் சான்றிதழாக, தேதியோடு வாங்கிக் கொடுங்கள். பயிற்சியாளரிடம் பேசும்போதும் ‘நான் ரெடி சார்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘ஹிட் வரைக்கும் சரியா வருது சார், மோதல்ல இன்னும் தயங்குறேன். வர்ற லீக் மேட்ச்ல ரெண்டு குவார்ட்டர் கொடுங்க, வீடியோ எடுத்துடலாம்’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் அவர் முடிவெடுக்க ஏதாவது இருக்கும்.