அடிவாரத்தையும் பார்த்துக்கொள், கண்ணு

ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டுவிட்டு மலைமேல் ஒரு சின்ன ஊரில் குடியேற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசைதான். இதே ஆசையோடு கோத்தகிரிக்கு வந்து நிலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் லாரி பிடித்துச் சாமானை ஏற்றிக்கொண்டு இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இறங்கியவர்களில் குளிர் தாங்காமல் போனவர்கள் குறைவு. அடுத்தவரிடம் ஓர் உதவி கேட்கத் தெரியாதவர்களும், காத்திருக்கத் தெரியாதவர்களும்தான் அதிகம். அதனால் வீடு, நிலம், தண்ணீர் என்று நான் எதைச் சொன்னாலும் பேச்சு உன் சுபாவத்துக்கே வந்து சேரும். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

1. மே மாதத்தில் வந்து மயங்காதே. அப்போது எந்த மலையும் அழகுதான். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று ஊரே சிங்காரித்துக்கொண்டு நிற்கும். நீ நவம்பரில் வா. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் குறுக்கே நிற்பதால் ஜூன், ஜூலை மழை எங்கள் பக்கம் அவ்வளவாக எட்டாது. அந்த மழை கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசியும் கார்த்திகையும்தான் சோதனை. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து இந்த நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த மாதத்தில் ஓர் அறை எடுத்து இரண்டு வாரம் தங்கு. துணி காயாது. கரன்ட் போகும். பிற்பகலிலேயே மூடுபனி வந்து எதிர்வீட்டை மறைத்துவிடும். எங்கும் போக முடியாமல், யாரும் வராமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அப்போது உனக்கு எரிச்சல் வருகிறதா, நிம்மதி வருகிறதா என்று கவனி. பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

2. மலையைத் தேர்ந்தெடுக்கிறவன் விருந்தாளி, அடிவாரத்தைத் தேர்ந்தெடுக்கிறவன் குடித்தனக்காரன். வயதான காலத்தில் மலையூருக்கு உயிர் கொடுப்பது அதன் கீழே இருக்கும் நகரம்தான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே சேலம் இருக்கிறது. வால்பாறையிலிருந்து 40 வளைவு இறங்கினாலும் பொள்ளாச்சிக்கு இன்னும் ஓட வேண்டும். கொடைக்கானலில் பெரிய நோய் என்றால் மதுரை, நூறு கிலோமீட்டருக்கு மேல். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், கோயம்புத்தூர் ஏறக்குறைய 70. ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அது எங்களுக்குப் பெரிய தெம்பு. ஊட்டி பிடித்திருக்கிறது என்றால் ஊட்டிக்கே போ, நான் தடுக்கவில்லை. ஆனால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் கேட்கிற அளவுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூட்டம் ஏறிவிட்டது. அந்தக் கூட்டத்தின் நடுவே பால் வாங்கப் போய் வருவது சிரமம். கூட்டம் தேடி வராத ஊராகப் பார்த்து இரு.

3. முதலில் டாக்டரைக் கேள், பிறகு புரோக்கரைக் கேள். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திடமான உடம்பு சில நாளில் பழகிக்கொள்ளும். இருதயமோ நுரையீரலோ ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். முழங்காலை மறந்துவிடாதே, இங்கே கடைக்குப் போவதும் ஏற்றம், கோயிலுக்குப் போவதும் ஏற்றம்.

4. 108 வண்டி வாசல்வரை வருமா என்று பார். வியூ நன்றாக இருக்கும் வீடுகள் பெரும்பாலும் சாலைக்குக் கீழே, படியிறங்கிப் போகிற இடத்தில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் அப்படி ஒரு வீட்டில் இருந்தார். பெரிய பதவியில் இருந்தவர், கொஞ்சம் விறைப்பு. ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. பக்கத்து லைன் வீடுகளிலிருந்து தேயிலை பறிக்கப் போகிற நான்கு பேர் ஓடிவந்து, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கயிற்றால் கட்டி, மழையில் வழுக்கும் படிகளில் சாலைவரை தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த நான்கு பேரின் பெயர் என்ன என்பதுதான். பல வருஷம் பக்கத்தில் இருந்தும் அவருக்குத் தெரியவில்லை. நீ வீடு பார்க்கும்போது படிகளை எண்ணு. குடிவந்த பிறகு அக்கம்பக்கத்துப் பெயர்களைக் கற்றுக்கொள். படி பத்தோடு முடிந்தாலும் பெயர்கள் தேவைப்படும்.

5. காட்சியைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பார். கீழ்நாட்டில் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம். மலையில் அது போதாது. கூடலூர் பக்கம் ஜன்ம நிலம் என்று ஒரு வகை உண்டு. அதை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் சட்டம் வந்தும் பல நிலங்களின் வழக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது. சில சர்வே எண்கள் தனியார் காடு என்று பதிவாகியிருக்கும். சில கிராமங்களில் வீடு கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். இங்கே எல்லோரும் அதை ஹாக்கா என்பார்கள். உன் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் வருஷத்துச் சட்டப்படி கேட்டாக வேண்டும். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் என்ன ஆயின என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு ஊருக்கே தெரியும். "சார், இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு நிற்கிறது" என்று உன்னை யாராவது அவசரப்படுத்தினால், அந்த இன்னொரு பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிடு.

6. ஒரு வருஷமாவது வாடகைக்கு இரு. வாடகை வீட்டில் இருக்கும்போது பிப்ரவரியில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது தெரியும். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பாய். மலைமேல் விழும் மழை நிற்காது, ஓடிவிடும். அதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சோலைக்காடுதான். கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள லாங்வுட் சோலையை 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதுதான் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்குப் பின்னால் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டிய செம்மண் சுவர் நின்றால் அந்த வீட்டை விட்டு விலகு, வாடகை எவ்வளவு குறைவானாலும் சரி. காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார். வெயில் படாத அறையில் பீரோவுக்குள் பட்டுப்புடவைகூடப் பூஞ்சை பிடித்துவிடும்.

7. நீ கண்டுபிடித்த ஊர் இது இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கன்னேரிமுக்கில் கட்டிய வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பார். நல்ல மனிதர்தான் என்று தோன்றும். ஆனால் அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். தோடர்கள் எருமை மேய்த்தார்கள். படுகர்கள் ஹட்டி என்னும் தங்கள் ஊர்களில் பயிர் செய்தார்கள். காட்டுப் பக்கம் இருளர், குறும்பர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் சனங்களும் வந்தார்கள். அங்கே தேயிலை பறித்த கை இங்கேயும் தேயிலை பறித்தது. இத்தனை பேருக்குப் பிறகு வரிசையின் கடைசியில் நிற்பவன் நீ. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உன் குரல் தானாகத் தணியும். டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு யாராவது அழைத்தால் போ. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார், போட்டதைச் சாப்பிடு, போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடு. கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். சாவு வீட்டுக்கு அழைக்காமலே போக வேண்டும், மழையானாலும்.

8. ஊரைத் திருத்த வராதே. முதல் வருஷம் எந்தச் சங்கத்திலும் தலைவராகாதே. பேப்பருக்கு எழுதிப் போடாதே. கோயில் மைக்கை நிறுத்தச் சொல்லி மனு எழுதாதே. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் 1990களின் கடைசியிலிருந்து இங்குள்ள சிறு விவசாயிகள் பட்டதெல்லாம் தெரியாமல், "ஏன் தேயிலையை எடுத்துவிட்டு இயற்கை விவசாயம் செய்யக் கூடாது" என்று டீக்கடையில் கேட்பவர்கள் வருஷத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள். ஊர்க்காரர்கள் பதில் சொல்லாமல் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நீ வாங்கிக்கொள்ளாதே.

9. காட்டுமாடு சாலையில் நின்றால் வண்டியை நிறுத்திக் காத்திரு. ஹாரன் அடிக்காதே. அது போகிறபோது போகும். கரடி இங்கே ராத்திரியில் ஊருக்குள் வரும். கோயில் விளக்கெண்ணெய்க்கும், பேக்கரி வாசனைக்கும், மூடாத குப்பைத் தொட்டிக்கும் வரும். சிறுத்தை நாய்க்கு வரும், அதனால் நாயை வெளியே கட்டிப் போடாதே. இவற்றோடு இருக்கப் பெரிய வீரம் ஒன்றும் வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்குள் வீடு திரும்புவது, குப்பையை மூடி வைப்பது, டார்ச்சைக் கையில் வைத்துக்கொள்வது போன்ற சின்ன ஒழுங்குகள் போதும். இதற்கும் வனத்துறையைத் திட்டுகிறவர்கள் பழையபடி அடுக்குமாடியிலேயே இருக்கலாம்.

10. அடுப்படியில் பொறுமை வேண்டும். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு சீக்கிரம் வேகாது. இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளிக்காது. அடுப்பு மேடை ஓரத்தில் கம்பளி சுற்றி வைத்து மறுநாள் ராத்திரிவரை விடு. கதவைச் சாத்திய அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதே. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனை இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் அப்படிச் செத்திருக்கிறார்கள்.

11. உன் வீட்டுக்காரியைக் கேட்டாயா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மலையில் ஒதுங்கி வாழ்வது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் கனவு, கண்ணு. அவர்களுக்கு வராந்தாவும் புத்தகமும் போதும். அவள் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கும் தோழிகள், தங்கச்சி வீடு, வெள்ளிக்கிழமைக் கோயில், தையல்காரர், கீரைக்காரம்மா எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அரை மனதாக வந்தால் அடைமழையில் நான்கு சுவருக்குள் அது வெளியே வந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். இரண்டு பேரில் ஒருவர் முன்னால் போவார். மிச்சமிருப்பவர் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா என்று இப்போதே பார். எஸ்டேட்டுக்குள் தள்ளியிருந்த பங்களா ஒன்றில் கணவர் போன பிறகு ஓர் அம்மா தனித்துப்போனார். கார் வாசலில் நின்றது, அவருக்கு ஓட்டத் தெரியாது. மருந்து வாங்கவும் ஆள் தேட வேண்டியிருந்தது. கடைசியில் பாதி விலைக்கு விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். உன் பெரியப்பா போன பிறகும் நான் இங்கேயே இருக்கிறேன் என்றால், மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும் நடை தூரத்தில் இருப்பதுதான் காரணம். இந்த வீட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியாது, கல்யாண மண்டபத்தின் பின்சுவர்தான் தெரியும். பெரியப்பா பார்த்துப் பார்த்து எடுத்த வீடு.

12. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து தங்குவார்கள் என்று சொல்லிக் கூடுதலாக ஓர் அறை கட்டாதே. முதல் இரண்டு மே மாதம் வருவார்கள். அப்புறம் அவர்களுக்கு டியூஷன், கோச்சிங், சிநேகிதர்கள். வருத்தப்படாதே, நீ இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வா. எப்போதாவது அவர்கள் வந்தால் கூடத்தில் ஜமக்காளம் விரித்துக்கொள்ளலாம். அந்த அறைக்கு ஆகும் பணத்தை வீட்டின் பின்பக்கத் தடுப்புச் சுவருக்குச் செலவு செய், தண்ணீர் வடிய அதில் குழாய் வைக்கச் சொல். மேஸ்திரி வேண்டாம் என்பார். நின்று வைக்கச் சொல்.