மூடிய கம்பெனியின் கம்ப்யூட்டர்களை மீட்பது எப்படி?

ஐடி கம்பெனி ஒன்று மூடிவிட்டால் அதன் கம்ப்யூட்டர்கள் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் எந்தக் குறையும் இல்லாத பெட்டிகள்கூடப் பழைய இரும்போடு சேர்கின்றன. ஒரு கிராமப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மீட்பது கடினமல்ல, வேலையின் வரிசைதான் முக்கியம்.

முதலில் காகிதம். வாசலில் நிற்கும் காவலாளியோ இடைத்தரகரோ "எடுத்துக்கோங்க சார்" என்று சொல்வதால் பொருள் உங்களுடையதாகிவிடாது. கம்பெனி திவாலாகிக் கலைக்கப்படுகிறது என்றால், 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி நியமிக்கப்பட்ட லிக்விடேட்டர்தான் சொத்துகளை விற்க முடியும். பெரும்பாலும் ஏலத்தில், உள்ளது உள்ளபடி விற்பார். லீசுக்கு எடுத்த பெட்டிகள் லீசுக்கு விட்டவருக்கே சொந்தம். சீரியல் எண்கள் போட்ட பில் கைக்கு வராமல் எதையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

பார்வையிடப் போகும்போது ஸ்க்ரூடிரைவரும் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவும் கையில் இருக்கட்டும். லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் விலையை வெகுவாகக் குறையுங்கள். பல மாடல்களில் போர்டு பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது. டெஸ்க்டாப்பில் அந்தத் தொல்லை குறைவு, பெரும்பாலும் ஜம்பர் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. ஆக்டிவேஷன் லாக் விழுந்த ஆப்பிள் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். முடிந்தவரை ஒரே மாடலாக வாங்குங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் பல மாடல்களுக்குச் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஓடாத ஒரு பெட்டி கையில் இருந்தால் அதன் உதிரிகள் மற்றவற்றைக் காப்பாற்றும், சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக அலைய வேண்டாம்.

அடுத்தது டிஸ்க். இதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சம்பளப் பட்டியல், ஆதார் நகல், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதில் அப்படியே கிடக்கும். வேலை இழந்து போனவர்களின் அந்தரங்கம் அது. நீங்கள் விலை கொடுத்தது இரும்புக்கு மட்டுமே. ஃபைல்களைத் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. ஃபார்மேட் செய்தால் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள், மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் என்வைப் (nwipe) போன்ற அழிப்புக் கருவியால் முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதினாலே போதும். எஸ்எஸ்டிக்கு இது சரிப்படாது. வெளியே தெரியாத உபரி செல்களில் பழைய தரவு தங்கிவிடும். அதற்கென டிரைவிலேயே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பழுதான ஹார்ட் டிஸ்க்கை உள்தட்டுகள் வரை டிரில் போட்டுத் துளைத்துவிடுங்கள். எந்தச் சீரியல் எண்ணை எப்போது அழித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்ட பெட்டிக்கு உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். திறந்து தூசியை ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தால் அந்த போர்டை ஒதுக்குங்கள். சிஆர்2032 பேட்டரியைப் புதிதாகப் போடுங்கள், ரேம் முனைகளை ரப்பரால் மெல்லத் தேயுங்கள், பிராசசர் மேல் காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். பிறகு ஸ்விட்சைப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். உப்பிய லேப்டாப் பேட்டரியைக் குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். யூபிஎஸ் பேட்டரிகளைப் பேட்டரிக் கடையே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும்.

எட்டு ஜிபி ரேமும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவினால் பழைய பெட்டி நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

மிஞ்சும் போர்டுகளையும் ஒயர்களையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள். இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று தெருமுனை எடைக்கடையில் போடாதீர்கள். செம்புக்காக ஒயரை எரிக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தால், அந்த நச்சுப் புகையைச் சுவாசிப்பவர் அங்கே தினக்கூலிக்கு வேலை செய்பவர்தான்.