தோண்டும் முன் கேளுங்கள்!

மெட்டல் டிடெக்டர் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பெரிய கோயில் வாசலில் போலீசார் சோதனை செய்யும் கருவிதான் அது. அதன் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அந்தப் புலம் மாறும். உடனே ‘பீப்’ என்று கத்தும்.

இங்கிலாந்தில் இதை வைத்துப் பழைய காசு தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. பூங்கா எல்லாருக்கும் பொதுதான். இருந்தாலும் நிலம் யார் பொறுப்போ அவர்களிடம் அனுமதி வாங்கணும். 300 ஆண்டுக்கு மேல் பழமையான தங்க, வெள்ளி நகை கிடைத்தால், 14 நாளுக்குள் கொரோனர் என்ற அதிகாரியிடம் தெரிவிக்கணும். 2009-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வயலில் கிடைத்த புதையலின் மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு! கண்டெடுத்தவருக்கும் வயல்காரருக்கும் பங்கு கிடைத்தது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? ஒரு பொருள் எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வரலாற்றை அறிய முடியும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் காசு மிஞ்சும், கதை போய்விடும்.

நம் நாட்டிலும் 1878-இலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனைகூட உண்டு.

அதனால் கிணறு வெட்டும்போது தாழி ஏதும் தட்டுப்பட்டால், தங்கம் இருக்குமோன்னு உடைச்சுப் பார்க்காதீங்க. ஆசிரியரிடமோ வி.ஏ.ஓ.விடமோ முதலில் சொல்லுங்க. அது நம்ம ஊர்க் கதை!


– ஒன்பதாம் வகுப்பு மாணவி