மட்டையைத் தூக்கும் முன்: கோல்ஃப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோல்ஃப் பழகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. கிரிக்கெட் என்றால் பல் போய்விடும், கால்பந்து என்றால் முழங்கால் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள்கூட இதை ஒரு நல்ல நடைப்பயிற்சியாகத்தான் நினைக்கிறார்கள். சென்னை நந்தனம், கோவை செட்டிபாளையம், ஊட்டி, கொடைக்கானல் என்று நம் ஊரிலேயே மைதானங்கள் இருக்கின்றன. நாற்பது, ஐம்பது வயதில் முதல்முறையாக மட்டை பிடிக்கிறவர்கள் நிறைய பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டத்தை விட்டு யாரையும் விரட்டுவது என் நோக்கமல்ல. இது அருமையான ஆட்டம், எழுபது வயதிலும் ஆடலாம். அதுவரை ஆட உடம்பு இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

நம்பிக்கை: ஓட்டமில்லை, மோதலில்லை, எனவே உடம்புக்கு வலிக்காது.

மட்டையை மேலே தூக்கியதிலிருந்து பந்தைத் தொடும்வரை ஏறக்குறைய ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் உடம்பு பின்பக்கம் முறுக்கிக்கொண்டு, மறுபக்கம் அவிழ்கிறது. அப்போது கீழ்முதுகில் இறங்கும் அழுத்தம் உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை போகலாம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் கீழ்முதுகு வலியே முதன்மையான புகாராக இருப்பதில் வியப்பில்லை. டைகர் வுட்ஸ் 2014-ல் தொடங்கிப் பல முறை முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2017-ல் அவருடைய கீழ்முதுகு எலும்புகளை ஒன்றாக இணைக்க வேண்டி வந்தது. அதன் பிறகு 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார் என்பது அவருடைய உறுதிக்குச் சான்று. நமக்கு அவரிடமிருந்த மருத்துவக் குழு கிடையாது.

இடுப்புக்குக் கீழே உள்ள தொடை மூட்டுகளும், நெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் முதுகெலும்பும்தான் திரும்புவதற்காக அமைந்தவை. நடுவில் இருக்கும் கீழ்முதுகு மிகக் கொஞ்சமே திரும்பும். பல வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குத் தொடை மூட்டு இறுகிப் போயிருக்கும். அவர் மட்டையைச் சுழற்றும்போது, மூட்டு கொடுக்காத திருப்பத்தைக் கீழ்முதுகு கொடுக்கப் பார்க்கும். அங்கேதான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மட்டை வாங்குவதற்கு முன்பே, நான்கைந்து வாரமாவது தொடை மூட்டை நெகிழ்த்தும் பயிற்சிகளையும், வயிறு, பிட்டத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளையும் செய்யுங்கள். ஏற்கெனவே முதுகுத் தொல்லை, நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் நெஞ்சு அடைத்தால் கிளப் கட்டடம் வெகு தூரத்தில் இருக்கும்.

நம்பிக்கை: இரண்டு முறை மட்டையை வீசிப் பார்த்தாலே உடம்பு தயார்.

ஜெர்மனியில் 703 ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடமோ அதற்கு மேலோ உடம்பைத் தயார்செய்தவர்களுக்கு மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே காயம் ஏற்பட்டதாகச் சொன்னது. காயங்களில் ஐந்தில் நான்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்தவை. புதிதாகப் பழகுகிறவர் மனதில் ஏற்ற வேண்டியது இந்த இரண்டாவது செய்தி. பந்தடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சில் கூடை நிறையப் பந்து கொடுப்பார்கள். காசு கொடுத்தாயிற்றே என்று மொத்தத்தையும் டிரைவர் என்ற மிக நீளமான மட்டையால் விளாசிவிட்டு வருகிறவர், மறுநாள் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் தவிப்பார். முதல் வாரங்களில் சிறிய மட்டையால் அரைச் சுழற்சி போதும். கூடையில் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

தயார்செய்வது என்றால் அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிப்பதல்ல. வேகமாக நடப்பது, கைகளைச் சுழற்றுவது, மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இருபுறமும் மெதுவாகத் திரும்புவது, பிறகு பந்தில்லாமல் மெல்ல வீசி, படிப்படியாக வேகம் கூட்டுவது.

நம்பிக்கை: சின்னப் பந்துதானே, பட்டால் வீங்கும், அவ்வளவுதான்.

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை. விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சுமாராக ஆடுகிறவர் டிரைவரால் அடித்த பந்தே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பந்து 270-ஐத் தொடும். பந்து சிறியதாக இருப்பதுதான் கண்ணுக்கு ஆபத்து. நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் பெரிய பந்தைத் தடுத்துவிடும், இதை முழுமையாகத் தடுக்காது. 2018-ல் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கோப்பையில், உலகின் முன்னணி வீரர் ஒருவர் அடித்த பந்து பட்டு ஒரு பார்வையாளர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். உலகத் தரத்தில் ஆடுகிறவரின் பந்தே தடம் மாறும் என்றால், போன மாதம் பழக ஆரம்பித்தவரின் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. மட்டையின் முகத்தில் படாமல், தண்டும் முகமும் சேரும் இடத்தில் பந்து பட்டால், வலது கையால் ஆடுகிறவருக்கு அது விருட்டென்று வலப்பக்கம் தெறிக்கும். அதனால் அடிக்கிறவருக்கு முன்னால் மட்டுமல்ல, முன்பக்கம் சாய்வாகவும் நிற்கக் கூடாது.

டிரைவிங் ரேஞ்சில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. நின்று அடிக்கும் விரிப்புக்கு ஓரடி முன்னால், பந்தைத் தாங்கும் டீ முளையோ, சரியாகப் படாத பந்தோ கிடக்கும். எட்டினாற்போல் இருக்கிறதே என்று குனிந்து எடுக்கப் போவார்கள். அந்த ஓரடியில் பக்கத்து விரிப்பில் நிற்பவரின் பந்துப் பாதைக்குள் தலை போய்விடும். அது கிடக்கட்டும், விட்டுவிடுங்கள்.

பந்தைவிட மட்டை இன்னும் மோசம், அதிலும் குழந்தைகளுக்கு. ஒரு பிள்ளை வீசிய மட்டை பின்னால் வந்து நின்ற இன்னொரு பிள்ளையின் மண்டையில் பட்டு எலும்பு உள்ளே அமுங்கிய சம்பவங்களை மருத்துவ இதழ்கள் பல முறை பதிவு செய்திருக்கின்றன. டிரைவரின் நீளத்தையும் கையின் நீளத்தையும் சேர்த்தால் மட்டை சுழலும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய ஆறடி வரும். குழந்தையைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். மட்டையைத் தூக்கும் முன் நான்கு பக்கமும் ஒரு முறை பாருங்கள். ஒத்திகைக்கு வீசும்போதும் பாருங்கள். பிறர் பாதுகாப்பைக் கவனிப்பதை ஆட்டத்தின் விதிநூலே முதல் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறது.

பந்து தவறான பக்கம் போனால் "ஃபோர்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். புதியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, யார் மேலும் படாது என்று நம்பிக்கொண்டு நிற்பார்கள். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. அந்தக் கூவல் காதில் விழுந்தால் பந்து எங்கே வருகிறது என்று நிமிர்ந்து தேடாதீர்கள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனியுங்கள். பக்கத்தில் பையோ மரமோ இருந்தால் அதன் பின்னால் ஒதுங்குங்கள்.

நம்பிக்கை: இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தால்தான் பந்து தூரம் போகும்.

இறுக்கிய பிடியால் மட்டையின் வேகம் குறைகிறது, முழங்கைத் தசைநார் புண்ணாகிறது. இன்னொன்றும் உண்டு. மட்டைப் பிடியின் மேல்நுனி, வலது கை ஆட்டக்காரருக்கு, இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் உட்காரும். அதற்கு நேர் அடியில் கொக்கி போன்ற சிறு எலும்பு இருக்கிறது. மட்டை பந்துக்குப் பதிலாகத் தரையில் குத்தினால், அந்தக் கொக்கி உடைவதுண்டு. வழக்கமான எக்ஸ்-ரேயில் இது தப்பிவிடலாம். அதனால் உள்ளங்கையின் அந்த ஓரத்தில் வலி வாரக்கணக்கில் நீடித்தால், "மட்டை பிடிக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உயரத்துக்குப் பொருந்தாத இரவல் மட்டை இந்தத் தரைக்குத்தை அதிகமாக்கும்.

நம்பிக்கை: இடி இடித்தால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் ஒதுங்கினால் போதும்.

1975-ல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில் கோல்ஃப் வீரர் லீ ட்ரெவினோ ஏரிக்கரையோரம் தன் பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மட்டையை ஓங்கவில்லை. அப்போதும் மின்னல் அவரைத் தாக்கியது. முதுகு அறுவை சிகிச்சை வரை போயிற்று. 1991-ல் அமெரிக்க ஓப்பனின்போது மரத்தடியில் ஒதுங்கிய பார்வையாளர்களை மின்னல் தாக்கியதில் ஒருவர் இறந்தார், ஐந்து பேர் காயமடைந்தார்கள். இந்தியாவில் மின்னலுக்கு ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் பலியாகிறார்கள். சென்னையில் கோடை மாலைகளில் கருமேகம் திரள எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கிளப் கட்டடத்துக்கோ கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள். மரத்தடியும், பக்கம் திறந்த கொட்டகையும், மேல்கூரை மட்டும் உள்ள கோல்ஃப் வண்டியும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். போட்டியின் நடுவில்கூட, மின்னல் ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் யாரையும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்தும் உரிமையை விதி 5.7 தருகிறது. ஒரே நீண்ட சைரன் ஒலித்தால், உடனே நிறுத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: நடைதானே, வெயிலெல்லாம் நமக்குப் பழக்கம்.

பதினெட்டுக் குழிகளும் ஆடினால் நாலு மணி நேரத்துக்கு மேல், ஏழெட்டுக் கிலோமீட்டர், நிழலில்லாத புல்வெளி. ஏசி அறையில் வேலை பார்க்கிறவருக்கு வெயில் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதலில் ஒன்பது குழி போதும், அதிகாலையில். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். கூட ஆடுகிறவர் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: பந்து புதரில் விழுந்தாலும் கிடந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும்.

பந்துக்காகப் புதருக்குள் கையை விடாதீர்கள். விஷப் பாம்போ, கொட்டும் தேனீயோ இருந்தால் அபராதமில்லாமல் பந்தை வேறிடத்தில் போட்டு ஆட விதி 16.2 அனுமதிக்கிறது. எந்த ஓரத்தில் பாம்பு வரும், எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது என்பது மட்டைப் பையைச் சுமந்து கூட வரும் கேடிக்குத் தெரியும். முதல் குழியிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள்.