மென்பொருளை வெளியிடுமுன் லைசன்ஸைத் தெரிவு செய்யுங்கள்

கடைக்கென எழுதுவித்த பில், ஸ்டொக் மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டால் நமக்கென்ன மிச்சம் என வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வர்த்தக நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அது நாம் தெரிவு செய்யும் லைசன்ஸில் தங்கியுள்ளது.

கொழும்பிலேயே உதாரணம் உண்டு. 2005இல் ஆரம்பமான டபிள்யூஎஸ்ஓ2 கம்பனி தனது மூல நிரலை அப்பாச்சி 2.0 லைசன்ஸில் வெளியிட்டது. அதை எவரும் எடுத்து மாற்றி விற்கலாம். செய்த மாற்றத்தைக் காட்டத் தேவையில்லை. கம்பனி உதவிச் சேவைக்குப் பணம் பெற்று வளர்ந்தது. 2024இல் சுவீடனின் ஈகியூடி முதலீட்டு நிறுவனம் அதை 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்க உடன்பட்டது.

இரண்டாவது ஜிபிஎல். நிரலை மாற்றி விநியோகிப்பவர், பெறுபவருக்கு மாற்றிய நிரலையும் அதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும். போட்டியாளர் நம் உழைப்பைப் பூட்டி விற்க முடியாது.

மூன்றாவது இரட்டை லைசன்ஸ். மைஎஸ்கியூஎல் ஜிபிஎல்லில் இலவசமாகவும், நிரலை மறைத்து விற்க விரும்புவோருக்குக் கட்டணத்துக்கும் வழங்கப்பட்டது. 2008இல் சன் நிறுவனம் அக்கம்பனியைச் சுமார் 100 கோடி டொலருக்கு வாங்கியது.

சேவையால் சம்பாதிப்பவருக்கு அப்பாச்சி பொருந்தும். நிரலையே விற்பவருக்கு இரட்டை லைசன்ஸ் நல்லது என்பது என் கருத்து.

முதலில் நிரல் உங்களுடையதா என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், ஊழியர் கடமையின்போது எழுதியது முதலாளிக்குரியது. வெளியாள் எழுதியிருந்தால் உரிமையை எழுத்தில் பெறுங்கள். திறந்துவிட்ட பிரதியைத் திரும்ப அழைக்க முடியாது.